இல்லத்துத் திரைப்படத் தொகுப்பு

படித்த குடும்பமொன்றின் முன்கூடத்திலே நூல்கள் நிறைந்த அலுமாரி ஒன்று நிற்பது நமது நாட்டில் நெடுநாளைய வழக்கம். புராணமும் இதிகாசமும் ஒரு தட்டிலும், நாவலும் நாடகமும் மற்றொரு தட்டிலுமாக அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதுண்டு. அண்மைக் காலத்தில் அவ்வலுமாரியில் இன்னுமொரு தட்டுச் சேர்ந்திருக்கிறது. அதில் இருப்பன நூல்களல்ல, திரைப்படங்கள். மேல்வரிசையில் 1980ஆம் ஆண்டுகளில் வாங்கிய ஒளிநாடாக்கள்; அதன் கீழே மெல்லிய உறைகளில் இட்ட இறுவட்டுகள்; ஒரு மூலையிலே உள்ளங்கையளவான வன்தட்டு.

ஓய்வுபெற்ற ஒருவர், தாம் இளமையில் தம் மனைவியோடு சென்று பார்த்த படமொன்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பி அத்தட்டை நாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளிநாடாவை எடுத்துப் பார்த்தால் சுருளின் விளிம்பிலே வெண்பூஞ்சணம் பூத்திருக்கிறது. இறுவட்டைப் போட்டால் அது பாதியில் நின்றுவிடுகிறது. யாரோ ஒருவரிடம் பிரதிசெய்து பெற்று வன்தட்டில் வைத்திருந்த படமோ, 'உயர்தரம்' என்னும் பெயரைத் தாங்கியிருந்தும், நடிகர் முகங்களையெல்லாம் மெழுகுப் பொம்மையின் முகம்போல் வழுவழுப்பாகக் காட்டுகிறது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகின்றனர். பழைய படமென்றால் இப்படித்தான் மங்கலாக இருக்கும் போலும் என்பதே அவர்கள் கொண்டு செல்லும் எண்ணம்.

அவ்வெண்ணம் தவறானது. படம் பழையதாகையால் மங்கவில்லை; அது வீடு வந்து சேர்ந்த வழி பழுதானமையால் மங்கியது. எனவே, தொகுப்பொன்றை அமைக்க முற்படுவோர் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எத்தகைய தரத்தில் படங்களைத் தேடுவது என்பது ஒன்று. எவ்விடத்திலிருந்து நேர்மையான முறையில் அவற்றைப் பெறுவது என்பது மற்றொன்று. முன்னது கண்ணைப் பற்றியது, பின்னது மனச்சாட்சியைப் பற்றியது என்று பலரும் கருதுவர். உண்மையில் இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்களே. ஒரு பிரதி அதன் மூலத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதே அவ்வினா.

இதனைத் தமிழ் மக்களுக்கு விளக்க வேறிடம் செல்ல வேண்டியதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்று முன்னர், அந்நூல் ஏட்டுச் சுவடிகளிலேயே உயிர்வாழ்ந்தது. ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடு, அதனைப் பார்த்து எழுதிய மற்றோர் ஏடு என்று பிரதிகள் பெருகப் பெருகப் பிழைகளும் பெருகின. ஓர் எழுத்து மயங்கினால் அம்மயக்கம் அடுத்த ஏட்டிலும் தொடர்ந்தது. பிந்திய ஏட்டை எத்துணைப் பெரிய எழுத்திலே எழுதினாலும், முந்திய ஏட்டில் அழிந்துபோன சொல் அதனால் திரும்பி வந்துவிடாது. திரைப்படப் பிரதிகளின் கதையும் இதுவே.

இனி, தரம் என்பது யாதென நோக்குவோம். முன்னாளில் திரைப்படங்கள் பெரும்பாலும் 35 மில்லிமீற்றர் அகலமான பிலிம் சுருளிலே பதிவாயின. அச்சுருளில் உள்ள நுண்ணிய வெள்ளித் துகள்களே உருவத்தைத் தாங்கின. இன்றைய மின்னணு முறையிலோ உருவம் புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. எத்தனை புள்ளிகள் என்பது தரத்தின் முதற்கணக்கு. 1976இல் ஜப்பானில் வெளிவந்த வீ.எச்.எஸ். ஒளிநாடா, அகலவாட்டில் ஏறக்குறைய 240 கோடுகளின் நுணுக்கத்தையே காட்ட வல்லது. 1993இல் தோன்றிய வீசீடி இறுவட்டில், நமது நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி, அகலத்தில் 352 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு இலட்சம். 1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடியில் அகலம் 720, உயரம் 576. இது நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். 2006இல் வந்த புளூ-ரே இறுவட்டில் அகலம் 1920, உயரம் 1080. இருபது இலட்சத்துக்கும் அதிகம். 2016இல் வந்த '4கே' புளூ-ரேயில் அகலம் 3840, உயரம் 2160. ஏறக்குறைய 83 இலட்சம்.

இவ்வெண்களைக் கண்டவுடன் பெரிய எண்ணே பெரிய தரம் என்று முடிவுகட்டுதல் இயல்பு. அங்கேதான் வாங்குவோர் ஏமாறுகின்றனர். புள்ளிகளின் எண்ணிக்கை கிண்ணத்தின் கொள்ளளவைப் போன்றது. கிண்ணத்தினுள் என்ன வார்க்கப்பட்டிருக்கிறது என்பது வேறு செய்தி. வீசீடியில் இருந்த படத்தைக் கணினியிலே இட்டு 1920 புள்ளி அகலத்துக்கு விரித்து எழுதலாம். அதன்பின் அக்கோப்புக்கு 'உயர்தரம்' என்று பெயரும் இடலாம். ஆயினும் அதில் உள்ளது பழைய ஒரு இலட்சம் புள்ளிகளின் செய்தியே. எஞ்சியவை இயந்திரம் ஊகித்து நிரப்பியவை. மெழுகு முகங்கள் பலவற்றின் பிறப்பிடம் இந்த ஊகமே.

இங்கே ஒரு வியப்பான உண்மையையும் குறிப்பிடல் வேண்டும். 1955ஆம் ஆண்டில் பிலிமில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றின் மூலச்சுருள் நல்ல நிலையில் இருப்பின், அதிலிருந்து உண்மையான 4கே பிரதி எடுக்கலாம். அத்துணை நுணுக்கம் சுருளிலேயே உறைந்திருக்கிறது. ஆனால் 1980ஆம் ஆண்டுகளில் ஒளிநாடாவிலேயே பதிவுசெய்யப்பட்ட தொலைக்காட்சி நாடகமொன்றிலிருந்து அத்தகைய பிரதியைப் பெற இயலாது. அது பிறக்கும்போதே 576 கோடுகளுக்குள் அடங்கிப் பிறந்தது. ஆகவே, ஆண்டில் மூத்தது தரத்தில் தாழ்ந்தது என்னும் விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் அதன் மூலம் எது என்று கேட்பதே முறை.

தரத்தின் இரண்டாவது கணக்கு, நொடிக்கு எவ்வளவு செய்தி ஒதுக்கப்பட்டுள்ளது என்பதாகும். புளூ-ரே அளவான படத்தைச் சிறிதும் சுருக்காது அப்படியே எழுதினால், நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 149 மெகாபைட் இடம் வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1,300 ஜிகாபைட்டுக்கும் மேலாகும். இவ்வளவை எந்த இறுவட்டும் தாங்காது. ஆதலாற் படத்தைச் சுருக்கி எழுதுகின்றனர். வானம் அசையாது நிற்க, பறவை மட்டும் பறக்குமாயின், வானத்தை மீண்டும் மீண்டும் எழுதாது பறவையின் நகர்ச்சியை மட்டும் எழுதுவது இம்முறையின் சாரம். அளவோடு சுருக்கினாற் கண்ணுக்குக் குறை தெரியாது. அளவு மீறிச் சுருக்கினால் மழையும் புகையும் இருளும் சதுரம் சதுரமாக உடைந்து தோன்றும்.

இவ்விடத்தில் எளிய கணக்கு ஒன்று பெரிதும் உதவும். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். அதில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் ஒலியும் ஒளியுமாக நொடிக்கு ஏறத்தாழ 4.2 மெகாபிட் கிடைக்கும். அதே வட்டில் மூன்று படங்களை அடைத்தாலோ ஒவ்வொன்றுக்கும் 1.4 மெகாபிட்டே மிஞ்சும். இது வீசீடியின் நிலைக்குச் சற்றே மேலானது. 'மூன்று படங்கள் ஒரே வட்டில்' என்னும் மலிவு விளம்பரம் உண்மையில் எதனை விற்கிறது என்பதை இக்கணக்கே சொல்லிவிடும். அத்தகைய வட்டுகளிற் பல, படத்துக்கு உரிமையுடையோர் வெளியிட்டவையல்ல. இன்னும் புதிய முறைகளில், குறிப்பாக எச்.264, எச்.265 ஆகிய சுருக்கல் முறைகளில், குறைந்த இடத்திலே கூடிய தரம் கிட்டும் என்பது மெய். ஆயினும் மூலமே கெட்டிருப்பின் எம்முறையும் அதனைத் திருத்தாது.

மூன்றாவதாக, படத்தின் வடிவத்தையும் வேகத்தையும் கவனித்தல் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழச் சதுரத்தை அணுகிய வடிவில், உயரம் மூன்றுக்கு அகலம் நான்கு என்ற அளவிலே எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சித் திரையோ உயரம் ஒன்பதுக்கு அகலம் பதினாறு. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்னும் ஆவலினால் சிலர் படத்தை அகலவாட்டில் இழுத்துவிடுகின்றனர். மெலிந்த கதாநாயகி பருத்துப் போகிறாள். வேறு சிலர் மேலும் கீழும் வெட்டிவிடுகின்றனர். ஆடுபவரின் பாதம் காணாமற் போகிறது. இருபுறமும் கருமையான இடம் விட்டு முழுப் படத்தையும் காட்டும் பிரதியே நம்பத்தக்கது. வேகத்தின் செய்தியும் இத்தகையதே. திரையரங்கில் நொடிக்கு 24 படங்களாக ஓடியதை நமது பழைய தொலைக்காட்சி முறைக்கு ஏற்ப 25 ஆக ஓட்டி டிவிடி செய்வதுண்டு. அவ்வாறு செய்தால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். தனியே சரிசெய்யாவிடின் பாடல்களின் சுருதியும் சற்றே உயர்ந்து ஒலிக்கும். இசைப் பயிற்சி உடைய செவிகள் இதனை உணர்வதுண்டு. புளூ-ரேயில் 24 படங்கள் 24 ஆகவே ஓட இடமுண்டு.

இவையெல்லாம் கேட்டு, இருப்பவற்றுள் மிக உயர்ந்ததையே வாங்கிவிடுவோம் என்று எண்ணுவதும் தவறு. மனிதக் கண்ணின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 32 அங்குலத் திரையை நான்கு அடிக்கு அப்பாலிருந்து பார்ப்பவர்க்கு, 1920 புள்ளி அகலமுள்ள படத்தின் தனித்தனிப் புள்ளிகள் பிரிந்து தோன்றுவதில்லை. 55 அங்குலத் திரைக்கு அவ்வெல்லை ஏறத்தாழ ஏழு அடி. எட்டு அடி, பத்து அடி தூரத்திலே கதிரைகளைப் போட்டு அமரும் குடும்பத்துக்கு 4கே தரும் கூடுதல் நுணுக்கம் பெரிதும் பயன்படாது. நிறத்திலும் ஒளியின் ஏற்றத்தாழ்விலும் கிடைக்கும் மேம்பாடே தெரியும். ஆகவே, செவ்வையாகச் செய்த புளூ-ரே பிரதியொன்று பெரும்பாலான வீடுகளுக்கு நிறைவளிப்பது. அது கிடையாதவிடத்து, நல்ல மூலத்திலிருந்து எடுத்த டிவிடி, போலியான 4கே கோப்பிலும் மேலானது.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். நமது நாட்டில் இத்துறையை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி, திரைப்படமொன்றின் உரிமை அது முதன்முதல் வெளியான காலத்திலிருந்து 70 ஆண்டுகள் பாதுகாக்கப்படும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என வகுத்துள்ளது. 1964இல் வெளிவந்த தமிழ்ப் படமொன்றின் உரிமைக் காலம் இந்தியாவில் 2024ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. இலங்கைச் சட்டத்தின் எழுபது ஆண்டுக் கணக்கோ 2034 வரை செல்லும். 'பழைய படந்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?' என்னும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

நேர்மையான வழிகள் பல உள. உரிமையாளர் வெளியிட்ட இறுவட்டு முதலாவது. உறையிலே வெளியீட்டாளர் பெயரும் உரிமைக் குறிப்பும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா, ஒரு வட்டில் ஒரு படமே உள்ளதா, எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற செய்தி காணப்படுகிறதா என நோக்குதல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் மண்டலக் குறியையும் பார்த்துக்கொள்ளல் நன்று. டிவிடியைப் பொறுத்தவரை இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் மண்டலத்தில் அடங்கும். மண்டலத் தடையற்ற வட்டுகளும் உண்டு. 4கே புளூ-ரேக்கு மண்டலப் பிரிவே இல்லை.

இணையத்தின் வழியே சந்தா செலுத்திப் பார்க்கும் சேவைகள் இரண்டாவது வழி. 2016 சனவரியில் நெட்பிளிக்ஸ் சேவை இலங்கையிலும் கிடைக்கத் தொடங்கிற்று. பின்னர் வேறு பலவும் வந்தன. இவற்றின் தரம் பெரும்பாலும் நன்று. ஆனால் சந்தாவினாற் பெறுவது பார்க்கும் அனுமதியேயன்றிப் படமன்று. உரிமை ஒப்பந்தம் முடிவுற்றால் படம் பட்டியலிலிருந்து மறைந்துபோம். நூலகத்தில் இரவல் பெற்ற நூலுக்கும் சொந்த நூலுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. ஒருமுறை பார்க்க விரும்பும் படங்களுக்குச் சந்தா போதும். ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க விரும்பும் பத்துப் படங்களை இறுவட்டாக வாங்கி வைத்தலே அறிவுடைமை.

மூன்றாவதாக, தயாரிப்பாளரும் உரிமையாளரும் தாமே யூடியூப் முதலிய தளங்களில் இலவசமாகக் காட்டும் படங்கள் உள. அவற்றை அங்கே பார்ப்பது முறையே. அவர்கள் அனுமதியாதவிடத்து இறக்கி வைத்துக்கொள்வது முறையன்று. உரிமைக் காலம் கழிந்து பொதுவுடைமையான படங்களை இணைய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களிற் பெறலாம். எனினும், அத்தகைய தளத்தில் எவரும் எதனையும் ஏற்றிவைக்கலாமாகையால், அங்கே இருப்பது ஒன்றே அது பொதுவுடைமை என்பதற்குச் சான்றாகாது. வெளியான ஆண்டைப் பார்த்துக் கணக்கிட்டறிதல் வேண்டும்.

சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, நேர்மையான வழியினாற் கிட்டும் நன்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூலச்சுருள் உரிமையாளரிடமோ காப்பகத்திலோதான் இருக்கும். திருட்டுப் பிரதி செய்பவனிடம் அது இருப்பதில்லை. அவன் பிறர் செய்த பிரதியைப் பிரதிசெய்பவன்; அல்லது திரையரங்கிலே ஒளிந்திருந்து படம் பிடிப்பவன். ஆகவே அவன் தருவது எப்பொழுதும் மூலத்திலிருந்து ஒரு படியேனும் விலகியதே. உரிமையாளருக்குச் செல்லும் பணமோ மூலத்தைப் பேணவும் பழுதுற்றதைச் செப்பனிடவும் துணைபுரியத்தக்கது. சில அரங்குகளிலேயே ஓடி, சில வாரங்களிலேயே இறங்கிவிடும் ஈழத்துத் தமிழ்ப் படமொன்றின் தயாரிப்பாளருக்கு, விலை கொடுத்து வாங்கப்பட்ட நூறு இறுவட்டுகளும் பெருந்துணையாகும்.

பேணாமையால் நேரும் இழப்பை இந்நாடு நன்கறியும். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது எந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. சுருள் எரிந்த பின்னர், அதில் நடித்தவரின் முகத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது. ஆனால் எஞ்சியது சிறிதாயினும் பேணப்பட்டிருப்பின் நம்பிக்கை உண்டு. சத்யஜித் ரேயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூலச்சுருள்கள் 1993இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்திற் கருகின. கருகிய சுருள்களை எறிந்துவிடாது காத்து வைத்திருந்தமையால், அவற்றிற் பயன்படத்தக்க பகுதிகளையும் வேறு நல்ல பிரதிகளையும் சேர்த்து 2015இல் 4கே தரத்தில் அப்படங்களை மீட்டனர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' என்னும் 1972ஆம் ஆண்டுச் சிங்களப் படமும் 2013இல் இத்தாலியின் பொலோஞா நகரிலே செப்பனிடப்பட்டது. இத்தகைய மீட்புக்குப் பின்னர் எடுக்கப்படும் பிரதியை வாங்குபவர், பழைய வட்டொன்றுக்குப் பதிலாகப் புதிய வட்டைப் பெறுவதோடு, மறைய இருந்த ஒன்றைத் தம் வீட்டிலும் வாழவைக்கிறார்.

வாங்கியதைக் காத்தலும் வாங்குவதற்கு ஒப்பான கடமை. நமது நாட்டின் ஈரப்பதம் பூஞ்சணத்துக்கு உகந்தது. ஒளிநாடாவையும் இறுவட்டையும் நிலைக்குத்தாக, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே இயந்திரத்தில் இடலாகாது. நாடா கெடுவதோடு, இயந்திரத்தின் வழியாக ஏனைய நாடாக்களுக்கும் அது பரவும். வீ.எச்.எஸ். இயந்திரங்களை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திவிட்டது. ஆகவே திருமணம், அரங்கேற்றம், பெரியோர் பேச்சு என்று குடும்பத்தார் தாமே பதிவுசெய்த நாடாக்கள் இருப்பின், முதலில் அவற்றையே மின்னணுக் கோப்பாக மாற்றுதல் வேண்டும். கடையிற் கிடைக்கும் திரைப்படத்தை நாளையும் வாங்கலாம். மறைந்த பாட்டியாரின் குரலை எக்கடையிலும் வாங்க முடியாது. அந்நாடாக்களுக்கு 4கே வேண்டியதில்லை. 720க்கு 576 என்ற அளவே போதும். மாற்றிய கோப்பை இருவேறு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் ஒப்படைத்தல் நன்று. தீயும் வெள்ளமும் இரண்டு வீடுகளை ஒருங்கே தாக்குவது அரிது.

முற்கூறிய முதியவரின் தட்டுக்கு மீண்டும் வருவோம். அதிலிருந்த இருநூறு வட்டுகளுள் நூற்றைம்பதை அவர் நீக்கிவிடலாம். இழப்பு ஒன்றும் இல்லை. தாம் நேசிக்கும் படங்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வெளியிட்ட நல்ல பிரதி உண்டா என விசாரித்து, மாதம் ஒன்றாக வாங்கினால், இரண்டாண்டு முடிவில் இருபத்துநான்கு படங்கள் சேர்ந்துவிடும். அன்று விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டும்போது, நாயகியின் கண்ணில் துளிர்த்த நீர் துளியாகவே தோன்றும். பாடல் பாடியவரின் சுருதியிலேயே ஒலிக்கும். பேரப்பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆயினும், எழுந்து போவார்களாயின் அது படத்தைப் பார்த்த பின்னர் அவர்களே கொண்ட முடிவாயிருக்கும். பழுதான பிரதியொன்று அவர்களுக்காக எடுத்த முடிவாயிராது.